சோனோமாவில் இரண்டு இரவு: ஒயின் பள்ளத்தாக்கும் பசிபிக் கரையும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே, காரில் ஒன்றரை மணி நேரத்துக்குள் சோனோமா கவுன்டி (மாவட்டம் போன்ற பகுதி) வந்துவிடுகிறது. உள்ளே திராட்சைப் பள்ளத்தாக்குகள், மேற்கே பசிபிக் கடல், இரண்டுக்கும் நடுவே ரெட்வுட் எனும் மிக உயரமான மரங்களின் காடு. வார இறுதியில் போய்வர நினைப்பவர்கள் வழக்கமாகக் கேட்பவை இவை.

எத்தனை நாள் வேண்டும்?

இரண்டு இரவு, நடுவில் ஒரு முழு நாள். அந்த முழு நாள் ஒயினுக்கு. ஊர் திரும்பும் நாள் கடலுக்கு. இரண்டையும் ஒரே நாளில் திணிப்பதுதான் இங்கே அதிகம் நடக்கும் தவறு. காலையில் இரண்டு ஒயினரி (ஒயின் தயாரிக்கும் இடம்), பிறகு கடலில் சூரிய அஸ்தமனம் என்று காகிதத்தில் எழுதும்போது அழகாக இருக்கும். ஆனால் குடித்த பிறகு ஓட்ட வேண்டிய சாலை எது? ஒரு பக்கம் மலைச் சரிவு, மறுபக்கம் பல இடங்களில் தடுப்பே இல்லாத பள்ளம் என்று வளைந்து போகும் நெடுஞ்சாலை 1. ஆகவே ஒயின் நாளில் காரைத் தொடாதீர்கள், கடல் நாளில் கிளாஸைத் தொடாதீர்கள். மற்றத் திட்டமெல்லாம் இதிலிருந்துதான் கிளை விடுகிறது.

ஒரே இரவுதான் கிடைக்கும் என்றால், இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

"சோனோமா" என்று தேடி விடுதி எடுத்தால் போதுமா?

போதாது. இந்தப் பெயர் மூன்று இடங்களைக் குறிக்கும்: முழுக் கவுன்டி, அதன் தென்கிழக்கில் இருக்கும் சிறு நகரம், அந்த நகரம் அமைந்த பள்ளத்தாக்கு. தேடினால் முதலில் வருவது நகரம். பழைய சதுக்கத்தோடு அழகான ஊர்தான். ஆனால் அங்கிருந்து கடலுக்குப் போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

இன்னொரு குழப்பம் ஒயின் பாட்டிலின் லேபிளில் இருக்கிறது. "சோனோமா கோஸ்ட்" என்பது 1987இல் அங்கீகரிக்கப்பட்ட திராட்சைப் பகுதியின் பெயர். அதன் எல்லை உள்நாட்டுக்குள் வெகு தூரம் நீள்கிறது. அந்தப் பெயர் போட்ட ஒயினைச் சுவைபார்க்க ஊற்றித் தரும் டேஸ்டிங் அறை கடலே தெரியாத ஊரில் இருக்கலாம், பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். உண்மையிலேயே கடலை ஒட்டிய மலைகளுக்கென்று 2012இல் ஃபோர்ட் ராஸ்–சீவியூ, 2022இல் வெஸ்ட் சோனோமா கோஸ்ட் என்று தனிப் பகுதிகள் அங்கீகாரம் பெற்றன. அந்த மலைகளில் விருந்தினரை ஏற்கும் இடங்கள் மிகக் குறைவு. முன்பதிவு செய்யும்போது பெயரைப் பார்க்காமல் முகவரியைப் பாருங்கள்.

அப்படியானால் எங்கே தங்குவது?

முதல் முறை போகிறவர்களுக்கு ஹீல்ட்ஸ்பர்க். ஊர்ச் சதுக்கத்தைச் சுற்றி இருபதுக்கும் மேற்பட்ட டேஸ்டிங் அறைகள் இருக்கின்றன. விடுதியிலிருந்து நடந்தே போகலாம். யார் ஓட்டுவது என்ற கேள்வியே எழாது. குறை, விலை. வார இறுதியில் ஓர் அறைக்கு 400 டாலருக்கு மேல் கேட்பது சாதாரணம். விளம்பரத்தில் போட்ட விலைக்கு மேல் தங்கும் வரி 12 சதவீதமோ அதற்கு அதிகமோ சேரும். சனிக்கிழமை ஓர் இரவுக்கு மட்டும் என்றால் அறை தர மாட்டார்கள். பல விடுதிகளில் குறைந்தது இரண்டு இரவு.

செபஸ்டபோல் ஒயின் பள்ளத்தாக்குகளுக்கும் கடலுக்கும் நடுவே இருக்கிறது. அங்கிருந்து கடலோர ஊரான போடேகா பேக்கு அரை மணி நேரம். பழைய ஆப்பிள் பதனிடும் ஆலையைக் கடைத்தெருவாக மாற்றிய 'தி பார்லோ'வில் நடக்கும் தூரத்தில் சில டேஸ்டிங் அறைகள் உண்டு. கெர்ன்வில் ரெட்வுட் காட்டை ஒட்டிய ஆற்றங்கரை ஊர், விலையும் கொஞ்சம் இறக்கம். ஆனால் ஆறு பொங்கினால் முதலில் நனைவதும் அதுதான்.

கடற்கரையிலேயே, அதாவது ஜென்னரிலோ போடேகா பேயிலோ தங்கலாமா? கடல் மட்டுமே வேண்டும் என்பவர்களுக்கு நல்லது. ஒயின் நாளில் இரவு திரும்புவதற்கு வாடகைக் கார் கிடைப்பது அரிது. ஓர் இரவு உள்ளே, ஓர் இரவு கடலோரம் என்று பிரிப்பதையும் இவ்வளவு குறுகிய பயணத்தில் பரிந்துரைக்க மாட்டோம். பெட்டியைக் கட்டி, அறையைக் காலி செய்து, அடுத்த அறை மாலை 3 அல்லது 4 மணிக்குத் திறக்கும்வரை காத்திருந்தே பாதி நாள் போய்விடும்.

எப்படிப் போய்ச் சேருவது?

சான் பிரான்சிஸ்கோவிலிருந்து நெடுஞ்சாலை 101 வழியாக ஹீல்ட்ஸ்பர்க் சுமார் 70 மைல், அதாவது 110 கிலோமீட்டர். நெரிசல் இல்லாவிட்டால் ஒன்றரை மணி நேரத்துக்குள். வெள்ளிக்கிழமை மாலை 3 மணிக்கும் 7 மணிக்கும் இடையே கிளம்பினால் இரண்டரை மணி நேரத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கோல்டன் கேட் பாலத்தில் நகருக்குள் வரும் திசையில் மட்டும் சுங்கம் உண்டு. பணம் வாங்கும் சாவடி கிடையாது. நம்பர் பிளேட்டைப் படம் பிடித்து வசூலிப்பார்கள். வாடகைக் காராக இருந்தால், அந்த நிறுவனம் சுங்கத்தோடு நாள் கணக்கில் சேவைக் கட்டணமும் சேர்க்கக்கூடும். காரை எடுக்கும்போதே கேட்டு, தேவையானால் பாலத்தின் இணையதளத்தில் நீங்களே கட்டிவிடுங்கள்.

கார் இல்லாமலும் பாதி வழி போகலாம். நகரிலிருந்து லார்க்ஸ்பருக்குப் படகு, இறங்கிச் சிறிது நடந்தால் 'ஸ்மார்ட்' என்ற வட்டார ரயிலின் நிலையம். அந்த ரயில் பெட்டலூமா, சான்டா ரோசா வழியாக, ஹீல்ட்ஸ்பர்குக்குத் தெற்கே உள்ள வின்ட்சர் வரை போகிறது. ஆனால் கடலோரத்துக்கு ரயில் இல்லை. சான்டா ரோசாவில் சார்லஸ் எம். ஷுல்ஸ் பெயரில் சிறு விமான நிலையம் இருக்கிறது. உங்கள் ஊரிலிருந்து நேர் விமானம் இருந்தால், பாலத்து நெரிசலே இல்லை.

எந்த மாதம் நல்லது?

இதற்கு மூடுபனியைப் புரிந்துகொள்ள வேண்டும். கலிஃபோர்னியக் கரையில் காற்று மேல்நீரைத் தள்ளிவிட, ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலே வருகிறது. அதன் மேல் தவழும் ஈரக்காற்று பனியாகிறது. கோடையில் உள்நாடு சூடேறச் சூடேற, அங்கே மேலெழும் காற்றின் இடத்தை நிரப்ப இந்தப் பனி ரஷ்யன் ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாகவும் பெட்டலூமா அருகே மலைத்தொடரில் உள்ள இடைவெளி வழியாகவும் உள்ளே இழுக்கப்படுகிறது. இரவு முழுக்கத் தோட்டங்களைப் போர்த்திக்கொண்டு, காலை பத்து, பதினொரு மணிக்குக் கலைகிறது. திராட்சையில் புளிப்பு கெடாமல் இருப்பதற்கு இந்தக் குளிர் இரவுகளே காரணம். பினோ நுவார் என்ற சிவப்பு ஒயினுக்கு இந்த இடம் பேர்போனதும் அதனால்தான்.

பயணிக்கு இதன் பொருள்: ஜூன், ஜூலை, ஆகஸ்டில் ஹீல்ட்ஸ்பர்கில் 32 டிகிரி செல்சியஸ் கொளுத்தும்போது, ஒரு மணி நேரத் தொலைவில் கடற்கரை 14 டிகிரியில் நடுங்கும், நாள் முழுக்கச் சூரியனே தெரியாமலும் போகலாம். கோடைக் கடற்கரை என்று அரைக்கை சட்டையோடு போகிறவர்கள் காரை விட்டு இறங்குவதில்லை.

கடலும் தெளிந்து, தோட்டமும் உயிரோடு இருப்பது செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் முடிய. அறுவடைக் காலம், கூட்டமும் விலையும் உச்சம். எங்கள் தேர்வு ஏப்ரல் பிற்பகுதியும் மே மாதமும்: கொடிகள் துளிர்த்திருக்கும், கடலோர மேடுகளில் காட்டுப்பூ, வடக்கே திரும்பும் சாம்பல் திமிங்கிலங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை மழை. கொடிகள் மொட்டையாக நிற்கும், வரிசைகளுக்கு நடுவே கடுகு மஞ்சளாகப் பூத்திருக்கும். ஊற்றுகிறவர் உட்கார்ந்து பேச நேரம் கிடைப்பது அப்போதுதான்.

ஒரு நாளில் எத்தனை ஒயினரி போகலாம்?

இரண்டு. அதிகபட்சம் மூன்று.

கணக்கைப் பாருங்கள். ஒரு டேஸ்டிங்கில் ஐந்து ஒயின், ஒவ்வொன்றும் சுமார் 45 மில்லி என்றால் 225 மில்லி. இங்கத்து பினோ நுவாரில் மது 14 சதவீதம் அளவில் இருக்கும். அமெரிக்கக் கணக்கில் ஒரு 'டிரிங்க்' என்பது 12 சதவீத ஒயின் 150 மில்லி. ஆக, ஒரே டேஸ்டிங் ஒன்றே முக்கால் டிரிங்க். மூன்று இடம் போனால் ஐந்தைத் தாண்டிவிட்டது. உடல் மணிக்குச் சுமார் ஒன்றைத்தான் கரைக்கும். "கொஞ்சம் கொஞ்சம்தானே ஊற்றினார்கள்" என்பது இதனால்தான் ஏமாற்று.

நேரக் கணக்கும் இதையே சொல்கிறது. ஓர் இடத்தில் 75 முதல் 90 நிமிடம், இடையே பயணம், சாப்பாடு. பெரும்பாலான இடங்கள் காலை 10 அல்லது 11 மணிக்குத் திறந்து மாலை 4, 5 மணிக்கே மூடிவிடும். 10:30க்கு ஒன்று, சாப்பாட்டுக்குப் பின் 2 மணிக்கு இன்னொன்று: இதற்கு மேல் நாக்கும் ஒத்துழைக்காது.

யார் ஓட்டுவது?

நான்கு வழிகள் உண்டு. ஹீல்ட்ஸ்பர்கில் தங்கி நடப்பது முதலாவது. இரண்டாவது, மணிக்கணக்கில் வந்து உங்கள் காரையே ஓட்டித் தரும் ஓட்டுநர். குறைந்தபட்ச மணி நேரம் வைத்திருப்பார்கள், அதற்கு மேல் 15 முதல் 20 சதவீதம் டிப். மூன்றாவது, ஓட்டுநரோடு வரும் வேன்; நான்கு பேருக்கு மேல் இருந்தால் இதுதான் கட்டுப்படி. நான்காவது, செயலியில் அழைக்கும் வாடகைக் கார். சான்டா ரோசா, ஹீல்ட்ஸ்பர்க் ஊருக்குள் கிடைக்கும். மேற்கே தோட்டத்தில் இறக்கிவிட வருவார்கள். திரும்பி அழைத்துப்போகத்தான் வர மாட்டார்கள். ஊற்றுகிற இடத்தில் மொபைல் சிக்னலே இல்லாமலும் போகலாம்.

சட்டம்: மது அருந்தும் வயது 21. வெளிநாட்டவர் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும், போனில் உள்ள படம் போதாது. ஓட்டுநரின் ரத்தத்தில் மது 0.08 சதவீதத்தைத் தொட்டால் குற்றம். அதற்குக் கீழே இருந்தாலும் ஓட்டம் தடுமாறினால் பிடிக்கலாம். திறந்த பாட்டில் காருக்குள், பயணி மடியில்கூட, இருக்கக் கூடாது. மிச்சம் வைத்த பாட்டிலை மூடி, டிக்கியில் வையுங்கள்.

முன்பதிவு கட்டாயமா? கட்டணம் எவ்வளவு?

வார இறுதிக்குக் கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மூன்று, நான்கு வாரம் முன்பே. ஊருக்குள் உள்ள டேஸ்டிங் அறைகளில் வார நாளில் நேரே நுழையலாம். செவ்வாய், புதனில் சிறு ஒயினரிகள் பல மூடியிருக்கும், அதனால் வாரநடுப் பயணம் போடுகிறவர்கள் வியாழனைச் சேர்த்துக்கொள்வது நல்லது. கட்டணம் ஒருவருக்கு 30 முதல் 60 டாலர் வரை சாதாரணம். குறிப்பிட்ட எண்ணிக்கையில் பாட்டில் வாங்கினால் பல இடங்களில் அதைக் கழித்துவிடுவார்கள்; எத்தனை பாட்டில் என்று உட்காரும் முன் கேளுங்கள். ரத்து செய்ய 24 அல்லது 48 மணி நேர விதி இருக்கும். குடிக்காதவர் ஒருவர் கூட வந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். சில இடங்களில் இருக்கைக்கே காசு.

எந்தப் பகுதியில் எந்த ஒயின்?

பனி எவ்வளவு உள்ளே வருகிறதோ அதைப் பொறுத்தது. ரஷ்யன் ரிவர் வேலியில் (ரஷ்யன் ஆற்றுப் பள்ளத்தாக்கு) பினோ நுவாரும் வெள்ளை ஒயினான ஷார்டனேயும். அதற்குள்ளேயே இன்னும் குளிர்ந்த கிரீன் வேலியில் நுரைக்கும் ஒயின். 1985இல் ஜெனீவாவில் அமெரிக்க அதிபர் ரீகனும் சோவியத் தலைவர் கோர்பச்சேவும் சந்தித்தபோது பரிமாறப்பட்டது இங்குள்ள அயர்ன் ஹார்ஸ் ஒயினரியின் ஒயின். கெர்ன்வில் அருகே ரெட்வுட் மரங்களுக்கு நடுவே 1882இல் தொடங்கிய கோர்பெல் ஒயினரியும் நுரை ஒயினுக்குப் பெயர்பெற்றது. ஹீல்ட்ஸ்பர்குக்கு வடமேற்கே, வெயில் கூடிய டிரை கிரீக் வேலியில் ஜின்ஃபண்டெல் என்ற சிவப்பு ஒயின். அதற்குக் கிழக்கே அலெக்சாண்டர் வேலியில் காபர்னே சோவினியோன், அதுவும் சிவப்பு. ஃபோர்ட் ராஸ்–சீவியூ மலைகள் கடலுக்குப் பக்கத்தில் இருந்தும் பனிக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டிருப்பதால் அங்கே வெயில் படுகிறது.

ஒரே நாளில் எல்லாப் பகுதிக்கும் ஓடாதீர்கள். ஒரு பள்ளத்தாக்கில் இரண்டு இடம் போனால்தான் ஒரே திராட்சை இரண்டு கையில் எப்படி மாறுகிறது என்பது பிடிபடும்.

ஒயின் பற்றி ஒன்றும் தெரியாது. டேஸ்டிங்கில் என்ன செய்ய வேண்டும்?

தெரியாது என்று சொல்லிவிடுங்கள், ஊற்றுகிறவருக்கு அதுவே வசதி. சென்ட் போடாமல் போங்கள். பக்கத்து மேசைக்காரரின் மூக்கையும் அது கெடுக்கும். லேசானதிலிருந்து அழுத்தமானதற்கு என்று ஒரு வரிசையில் தருவார்கள், அதைக் குலைக்காதீர்கள். கிளாஸின் தண்டைப் பிடித்துச் சுழற்றி, முகர்ந்து, ஒரு வாய் எடுத்து நாக்கில் உருட்டுங்கள். மேசையில் உள்ள வாளி துப்புவதற்கும் மீதியைக் கொட்டுவதற்கும்தான். அதைப் பயன்படுத்தினால் அவமரியாதை என்று நினைத்து எல்லாவற்றையும் குடித்து முடிப்பவர்களே மூன்று மணிக்குத் தூங்கிவிழுகிறார்கள். ஒவ்வொரு ஊற்றலுக்கும் அதே அளவு தண்ணீர் குடியுங்கள்.

ஒயின் சைவமா?

எல்லாம் அல்ல. கலங்கலைத் தெளியவைக்க முட்டை வெள்ளைக்கரு, மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பொருள் ஆகியவற்றைச் சேர்ப்பதுண்டு. வண்டலோடு அவை அடியில் தங்கி நீக்கப்பட்டுவிடும் என்றாலும், பயன்படுத்தியதை லேபிளில் போட வேண்டிய கட்டாயம் அமெரிக்காவில் இல்லை. "அன்ஃபைன்ட்" என்று எழுதியிருந்தால் எதையும் சேர்த்துத் தெளியவைக்கவில்லை என்று பொருள். களிமண் கொண்டு தெளியவைப்பதும் உண்டு, அது சைவமே. நேரே கேட்டால் சொல்வார்கள். கூடவே தரும் சீஸையும் கேளுங்கள்; கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட் சேர்ந்த வகைகள் இருக்கும்.

கடலோர நாளை எப்படிப் போடுவது?

வடக்கிலிருந்து தெற்காக. தெற்கு நோக்கி ஓட்டும்போது கடல் உங்கள் வலப்பக்கம், உங்கள் தடத்தை ஒட்டியே இருக்கும். காட்சி மேடுகளில் எதிர்வண்டியைக் குறுக்கே கடக்காமல் ஒதுங்கலாம்.

காலை 9 மணிக்கு ஹீல்ட்ஸ்பர்கில் கிளம்பி வெஸ்ட்சைடு சாலை வழியாக கெர்ன்வில், அரை மணி நேரம். பெட்ரோலை அங்கேயே நிரப்புங்கள். ஊரிலிருந்து சற்று வடக்கே ஆர்ம்ஸ்ட்ராங் ரெட்வுட் காப்பகம், 805 ஏக்கர். 'கர்னல் ஆர்ம்ஸ்ட்ராங்' என்ற மரத்தின் வயது 1,400 ஆண்டுக்கு மேல். 'பார்சன் ஜோன்ஸ்' 310 அடி உயரம். சமதளப் பாதை, ஒரு மணி நேரம் போதும். பனி கலையாத காலை நேரத்தைச் செலவழிக்க இதைவிட நல்ல இடம் இல்லை.

அங்கிருந்து ஆற்றோடு 13 மைல் போனால் ஜென்னர், ஆறு கடலில் கலக்கும் இடம். ஃபோர்ட் ராஸ் பார்க்க வேண்டுமானால் இங்கிருந்து வடக்கே 12 மைல் போய்த் திரும்ப வேண்டும். ரஷ்ய–அமெரிக்கக் கம்பெனி 1812இல் கட்டி 1841இல் விற்றுவிட்டுப் போன மரக்கோட்டை அது. ரஷ்யர்கள் 1817இல் இங்கே திராட்சை நட்டார்கள். ஆனால் இந்த 12 மைல்தான் வழியிலேயே மோசமான வளைவு. வயிற்றைப் புரட்டும் ஆட்கள் காரில் இருந்தால் விட்டுவிடலாம். உங்களுக்குப் பின்னால் ஐந்து வண்டி சேர்ந்துவிட்டால் ஒதுங்குமிடத்தில் நின்று வழிவிட வேண்டும் என்பது சட்டம்.

ஜென்னருக்குத் தெற்கே கோட் ராக் கடற்கரை. மணல் திட்டில் கடல்நாய்கள் படுத்திருக்கும். மார்ச் முதல் ஆகஸ்ட் வரை குட்டிக் காலம். 50 கெஜம் தள்ளியே நில்லுங்கள். பயந்து தண்ணீரில் பாயும் தாய், குட்டியை விட்டுவிடக்கூடும். இந்தக் கரைக்கு நாய்களை அழைத்து வர அனுமதி இல்லை. அடுத்து ஷெல் பீச். மேட்டின் மேலே போகும் கோர்டம் பாதையில் விரும்பிய தூரம் நடக்கலாம். கடைசியாக போடேகா ஹெட் முனை. ஜனவரியிலிருந்து மே வரை திமிங்கிலம் பார்க்க இங்கே நிற்பார்கள், தொலைநோக்கி வேண்டும். பிறகு வேலி ஃபோர்டு, பெட்டலூமா வழியாக 101. போடேகா பேயிலிருந்து சான் பிரான்சிஸ்கோ ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். ஞாயிறு மாலை இரண்டுதான்.

ஓர் எச்சரிக்கை: ஹீல்ட்ஸ்பர்கிலிருந்து வட கடற்கரைக்கு வரைபடம் ஸ்காக்ஸ் ஸ்பிரிங்ஸ் சாலையைக் காட்டலாம். பார்த்தால் நேர்வழி, ஓட்டினால் ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாத வளைவும் ஏற்றமும். சிக்னல் கிடையாது. வரைபடத்தை முன்னரே போனில் இறக்கிக்கொண்டு, ஆற்றுச் சாலையிலேயே போங்கள்.

கடலில் குளிக்கலாமா?

கூடாது. தண்ணீர் 10 முதல் 13 டிகிரிதான், ஆனால் உயிரை எடுப்பது குளிர் மட்டும் அல்ல. கரை சட்டென்று ஆழமாகிறது. பல நிமிடம் அமைதியாக இருந்துவிட்டு ஒரு பேரலை யாரும் எதிர்பாராத உயரத்துக்கு ஏறி, நிற்பவரை வாரிக்கொண்டு போகும். ஈர மணலிலோ ஈரப் பாறையிலோ நிற்காதீர்கள். கடலுக்கு முதுகு காட்டிப் படம் எடுக்காதீர்கள். குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்.

குழந்தைகளோடு போகலாமா?

கடலுக்கும் காட்டுக்கும் தாராளமாக. ஒயினரிகளில் பல 21 வயதுக்குக் குறைந்தவர்களை விடுவதில்லை, சில இடங்களில் கைக்குழந்தைக்கும் அதே விதி. புல்வெளி உள்ள இடமாகப் பார்த்து, முன்பதிவிலேயே கேட்டுவிடுங்கள்.

காட்டுத்தீ, வெள்ளம் பற்றிக் கவலைப்பட வேண்டுமா?

பயணத்தைக் கைவிடும் அளவுக்கு அல்ல, ரத்து விதியைப் படிக்கும் அளவுக்கு. 2017 அக்டோபரில் டப்ஸ் தீ சான்டா ரோசாவுக்குள்ளேயே வந்தது. 2019 அக்டோபரில் கின்கெய்ட், 2020 ஆகஸ்டில் வால்பிரிட்ஜ். மூன்றும் சுற்றுலா உச்சத்தில் வந்தவை என்பதைக் கவனியுங்கள். வறண்ட காற்று வீசும் நாட்களில் மின்சாரத்தையே நிறுத்திவைப்பதும் உண்டு. மழைக்காலத்தில் ரஷ்யன் ஆறு கெர்ன்வில்லில் 32 அடியைத் தொட்டால் வெள்ளம். 2019 பிப்ரவரியில் 45 அடியைத் தாண்டியது. ஆகஸ்டிலிருந்து நவம்பர் வரையும், ஜனவரி, பிப்ரவரியிலும் பணம் திருப்பித் தரும் அறையையே எடுங்கள், விலை சற்றுக் கூடினாலும்.

வாங்கிய பாட்டில்களை எப்படிக் கொண்டுபோவது?

முதல் எதிரி உங்கள் கார். வெயிலில் நிறுத்திய காருக்குள் ஒயின் சூடேறி விரிந்து கார்க்கைத் தள்ளும். பிறகு வேகவைத்த பழச் சுவைதான். வாங்கியதை ஒயினரியிலேயே வைத்திருக்கச் சொல்லி மாலையில் எடுங்கள், அல்லது ஐஸ் பெட்டி கொண்டுபோங்கள்.

விமானத்தில் கைப்பையில் கொண்டுபோக முடியாது, பெட்டியில் போடலாம். 24 சதவீதத்துக்குக் குறைந்த மதுவுக்கு அமெரிக்க விமானப் பாதுகாப்பு விதியில் அளவுக் கட்டுப்பாடு இல்லை; நீங்கள் இறங்கும் நாட்டின் சுங்க வரம்பு வேறு. 750 மில்லி பாட்டில் ஒன்று 1.2 முதல் 1.5 கிலோ. பன்னிரண்டு பாட்டில், அட்டைப்பெட்டி, உள்தடுப்பு எல்லாம் சேர்த்து 18 கிலோ அளவில் வரும், 23 கிலோ வரம்புக்குள் அடங்கும். தடுப்புள்ள பெட்டியை ஒயினரியிலேயே விற்பார்கள்; துணிக்குள் சுற்றிவைத்தால் உடைவது பெரும்பாலும் கழுத்து.

அமெரிக்காவுக்குள் வீட்டுக்கு அனுப்பச் சொன்னால், எந்த மாநிலத்துக்கு அனுப்பலாம் என்பது ஒயினரியின் உரிமத்தைப் பொறுத்தது. வாங்க 21 வயது நிரம்பிய ஒருவர் வீட்டில் இருந்து கையெழுத்துப் போட வேண்டும். கோடையில் அனுப்புவதை அக்டோபர் வரை நிறுத்திவைக்கச் சொல்லுங்கள்.